கடைக்காரரின் தாடை

என் அக்கா புருஷனுக்கு ஏரிக்கரையில் சம்மட்டி என்று பெயர். அவர் காதுபட ஒரே ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார், அவரும் ஒரு தடவைதான் கூப்பிட்டார். சின்ன வயதில் யாரோ போட்டு அடித்து வளர்த்ததால் மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்று நான் கதை விடப்போவதில்லை. அவருடைய அப்பா தன்மேல் ஊர்கிற எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். அத்தான் தானாகவே இப்படி ஆனவர்.

பஸ் டிப்போவில் பதினொரு வருஷம் மெக்கானிக்காக இருந்தார். அவர் மாட்டிய பிரேக் சரியில்லை என்று நோட்டில் எழுதிய சூப்பர்வைசரை, அதே பஸ்ஸின் படியில் உட்காரவைத்து அறைந்தார். வேலை போயிற்று. பிரேக் சரியாகத்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்கு முன்பும் அப்படித்தான்: அக்காவின் சங்கிலியை இழுத்தவனின் தோளை மூட்டோடு கழற்றினார், பக்கத்து வீட்டு நாயை வெந்நீர் ஊற்றிக் கொன்றவனைச் சாக்கடையில் முக்கினார். அடி வாங்கியவர்கள் எல்லோரும் ஏதோ செய்திருந்தார்கள். அதனால் தன் கைக்குத் தப்பே வராது என்று அத்தான் நம்பிவிட்டார். அவருடைய கோளாறே அதுதான்.

வேலை போனபின் ஒரு படகு வாங்கினார். ஏரியில் பெரிய அலை கிளப்பி, பின்னால் பலகைமேல் நிற்கிறவர்களைக் கயிற்றில் இழுத்துப்போகும் படகு. எஞ்சின் வெளியே தொங்காது, உள்ளே வயிற்றில் இருக்கும். அத்தான் ஓட்டுவார். நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, விழுந்துவிட்டார்களா என்று கவனித்துச் சொல்வேன். வாரநாட்களில் எனக்குச் செருப்புக்கடையில் வேலை. தண்ணீரில் விழுந்தவர்களிடம் அத்தான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நூறு தடவை விழுந்தாலும் படகைத் திருப்பிக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, முழங்காலை மடக்கு, இன்னொரு தடவை பார்க்கலாம் என்பார். இதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவரை நான் பாதிதான் சொன்னவன் ஆவேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை படகைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டு எல்லா வேலையையும் தானே செய்வார். வேறு ஆள் கை வைக்கக்கூடாது. விளக்குப் பிடிக்கவும் கொடுத்ததை வாங்கி வைக்கவும் நான். போன வருஷம் அப்படித்தான் இம்பெல்லரைக் கழற்றினார். எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏரித் தண்ணீரை உறிஞ்சி உள்ளே அனுப்புகிற பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் அது. சுற்றிலும் ஆறு இதழ்கள். வருஷம் ஒன்றானால் மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது பழையதை எண்ண வேண்டும், ஏனென்றால் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு குழாய்க்குள் எங்கேயோ தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அத்தான் பழையதை என் கையில் கொடுத்து, ஆறும் இருக்கா என்று கேட்டார். எனக்குப் பசி, கையெல்லாம் கிரீஸ், கடைக்கு நேரமாகிவிட்டது. இருக்கு என்று சொல்லிக் குப்பை டின்னில் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த வருஷப் படகுப் பருவத்தின் மூன்றாவது வாரம் நடு ஏரியில் எஞ்சின் கொதித்து நின்றது. உள்ளே இணைப்பை அடைத்திருக்கும் கேஸ்கட் தகடு ஒன்று வெடித்து, வெள்ளைப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. கரைக்கு இழுத்து வந்து பம்பைத் திறந்தார் அத்தான். புது இம்பெல்லரின் இதழ்கள் வெந்து சுருண்டிருந்தன. மட்ட ரப்பர், ஏமாற்றிவிட்டான் என்று ஒரே முடிவு. ஈர உடம்போடு நேராக அதை வாங்கிய உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி போட்டவர். என்ன விஷயம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் தாடையில் இறங்கியது. பிறகு சட்டையைப் பிடித்துத் தூக்கி இரண்டாவது அடி. எலும்பு முறிகிற சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. முறுக்கு உடைகிற மாதிரி சின்னச் சத்தம்தான், ஆனால் இன்னும் காதில் இருக்கிறது.

அத்தானைப் போலீஸ் கூட்டிப்போன பிறகு நான் கொட்டகைக்குப் போய்க் குப்பை டின்னைக் கவிழ்த்தேன். பழைய இம்பெல்லரில் ஐந்து இதழ்கள்தான் இருந்தன. மறுபடி எண்ணினேன், ஐந்துதான். அதை எடுத்துப்போய் ஏரியில் எறிந்தேன். நல்லவேளை மிதக்கவில்லை.

அத்தான் நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தார். கடைக்காரர் தாடையில் கம்பி கட்டிக்கொண்டு அதைவிட அதிக நாள் கஞ்சி குடித்தார். அத்தான் வீடு திரும்பிய அன்று அக்கா அழவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“இனி ஒரு மனுஷன் மேல உங்க கை பட்டுச்சுன்னா நானும் புள்ளையும் இங்க இருக்கமாட்டோம். பெட்டி ரெடியா இருக்கு.”

அந்தப் பெட்டியை அவள் இன்றுவரை அவிழ்க்கவில்லை. அதில் மடித்து வைத்த மகளின் கவுன்கள் இதற்குள் அவளுக்குச் சிறிதாகியிருக்கும்.

பத்து மாதம் அத்தான் யாரையும் தொடவில்லை. வாளி நசுங்கியது, குளியலறைக் கதவு கீலோடு வந்தது, மனிதர்கள் தப்பித்தார்கள். நான் மட்டும் தினமும் செத்துப் பிழைத்தேன். உண்மையைச் சொன்னால் அத்தான் என்னை அடிப்பார், அடித்தால் அக்கா போய்விடுவாள், ஆகவே அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் பற்கள்மேல் எனக்கு இருந்த ஆசை.

இந்த வருஷம் படகு மறுபடி கொட்டகைக்கு வந்தது. கேஸ்கட்டை மாற்றினார், இன்னொரு புது இம்பெல்லர் போட்டார். எண்ணெய் சூடானால்தான் நன்றாக வடியும் என்பதால், குழாய்த் தண்ணீரை எஞ்சினுக்குக் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அத்தான் சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

“தண்ணி எங்கயோ நிக்குது. கடைசியில பாத்துக்கலாம்.”

வரிசை மாறினால் அவருக்கு ஆகாது. எண்ணெய், பில்டர், ப்ரொபெல்லர், அதன் பிறகுதான் குழாய்கள். எனக்குக் கிடைத்த அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன், ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

பத்து மாதத்து அடியும் அன்று அந்தப் படகின்மேல் விழுந்தது. எண்ணெய் பில்டர் இறுகிப்போய்ச் சுழலவில்லை. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் அறைந்து, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரவழைத்து, அதையே கைப்பிடியாக்கித் திருகினார். தகடு கிழிந்தது. கறுத்த எண்ணெய் முழங்கைவரை வழிந்து சொட்டியது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எஞ்சினைத் திட்டினார், அதைச் செய்தவனைத் திட்டினார், பிறகு கடைக்காரரைத் திட்டினார். பத்து மாதம் ஆகியும் அந்த ஆள்மேல் கோபம் ஆறவில்லை. நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்ததற்கே அவன் மறு தாடைக்கும் ஒன்று பாக்கி என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை எழுதவே கூசுகிறது.

ப்ரொபெல்லரைக் கழற்ற அதன் முதுகில், பிடித்து இழுக்கிற புல்லர் என்ற கருவியை மாட்டி இறுக்கினார். இறுக்க இறுக்கச் சத்தமே இருக்காது, விசை மட்டும் ஏறும். திடீரென்று துப்பாக்கி வெடித்தாற்போல் விடும். நட்டை முழுக்கக் கழற்றாமல் பாதி விட்டுவைக்காவிட்டால், தெறித்து வரும் பித்தளை ப்ரொபெல்லர் எதிரில் நிற்கிறவரின் முழங்காலைக் கொண்டுபோய்விடும். எதிரில் நின்றவன் நான். நட்டைச் சரிபார்த்துவிட்டு, பயப்படாத மச்சான், இருக்கு என்றார். வெடித்தபோது நான் கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அத்தான் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

பிறகு குழாய்கள். பம்புக்கு அடுத்து, கியர் எண்ணெயைக் குளிரவைக்கிற சின்னப் பித்தளை உருளை ஒன்று இருக்கிறது. அதன் வாயில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாயைக் கிளிப்பைத் தளர்த்தி உருவினார். என்னை விளக்கைக் காட்டச் சொன்னார். லைட்ட ஆட்டாத என்றார். நான் விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நீள மூக்குக் குறடை உள்ளே விட்டு இழுத்தார். முதலில் பாசி வந்தது, சேறு வந்தது. பிறகு ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு, கட்டைவிரல் அகலம்.

அத்தான் அதைச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். எழுந்துபோய், வழக்குக்காகச் சுவர் ஆணியில் மாட்டிவைத்திருந்த வெந்த இம்பெல்லரை எடுத்தார். விரல் வைத்து எண்ணினார். ஆறு. பம்பைத் திறந்து இப்போது போட்ட புதியதை எண்ணினார். அதிலும் ஆறு. இரண்டிலும் குறையில்லை என்றால் துண்டு அதற்கு முந்தியதன் துண்டுதான். நான் ஒரு வருஷம் மறைத்ததை அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தார்.

“ஆறும் இருந்துச்சுன்னு சொன்னே.”

“எண்ணல, அத்தான். சும்மா சொன்னேன்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே.”

அவர் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. முகம் வெளுத்துப்போய் உதடு மட்டும் துடித்தது. ஸ்பேனர் தோளுக்கு மேலே போனது. நான் கண்ணை மூடவில்லை, மூட நேரமில்லை. அது என் காதை உரசிக்கொண்டு போய்ப் படகின் முன்கண்ணாடியைத் துளைத்தது. கண்ணாடி முழுவதும் ஒரேயடியாக நொறுங்கி இருக்கைகள்மேல் கொட்டியது. அவர் நிற்கவில்லை. சுத்தியலை எடுத்துக் கண்ணாடியின் சட்டத்தை அடித்தார், ஸ்டீயரிங்கை அடித்தார், பைபர் தளத்தில் தலையளவு ஓட்டை போட்டார். அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே நல்ல பொருள் அந்தப் படகு.

அக்கா டீ டம்ளர்களோடு ஓடி வந்தாள். யாரை அடிச்சீங்க என்று கேட்டாள். கண்ணாடிய என்றார் அத்தான், மூச்சு வாங்க. கண்ணாடி மனுஷன் இல்லை என்பதால் அவள் கொஞ்சம் நிம்மதியானாள். அப்போது நானே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சுடச்சுட டீ என் மார்பில் விழுந்தது. அடுத்து கன்னத்தில் அறைந்தாள், காதோடு சேர்த்து அறைந்தாள், டம்ளராலேயே மண்டையில் போட்டாள். அவள் போட்ட நிபந்தனை அத்தானுக்கு மட்டும்தான், தன்னை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் அத்தான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். என்னைக் காப்பாற்றியது அந்தக் கை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

அத்தான் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். அந்த ரப்பர்த் துண்டைச் சட்டைப்பையில் வைத்தார். கடைக்குப் போகணும், வா என்றார். நான்தான் காரணம் என்று அங்கே நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எண்ணாதது நீ. அடிச்சது நான். ரெண்டையும் போட்டுக் குழப்பாத.”

அக்கா வாசலை மறித்து நின்றாள். அவள் கண் ஒரு தடவை, பெட்டி இருந்த படுக்கையறைப் பக்கம் போய் வந்தது. அந்த ஆள் என்ன செய்தாலும் திருப்பிக் கை ஓங்கக்கூடாது என்றாள்.

“கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் போங்க.”

கட்டிக்கொண்டுதான் போனார். கயிறுச் சுருள்களுக்கும் மிதவைச் சட்டைகளுக்கும் நடுவே கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். தாடை ஒரு பக்கம் கோணி, வாய் பாதிதான் திறக்கிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, விற்பனைக்குச் சாத்தியிருந்த துடுப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தான் என்னைப் பார்த்துச் சைகை காட்ட, நான் அவர் பையிலிருந்த துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“உங்க பொருள்ல குறை இல்ல. இது பழசுல உடைஞ்சது. நான் அடிச்சது தப்பு.”

கடைக்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை, முப்பது வருஷமாக அதை விற்கிறவர். பழையதை யார் பார்த்தது என்று கேட்டார். அத்தான் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் மிதவைச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் அடி தோளில். துடுப்பு திரும்பி வந்து விலாவில் இறங்கியது. அத்தான் முனகினார், நகரவில்லை. பின்னால் அவருடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது, பிடித்த இடம் வெளுத்துப்போயிருந்தது. மூன்றாவது அடி வாயில். ஒரு பல் மேஜைமேல் விழுந்து, அந்த ரப்பர்த் துண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவருடைய கை விடுபட்டு முன்னால் வந்தது. பாதி வழியில் நின்றது. மறுபடி பின்னால் போனது. கடைக்காரர் துடுப்பை நான்காவது தடவை ஓங்கியபோதுதான் எனக்கு வாய் திறந்தது.

நான்தான் பார்த்தேன், எண்ணாமலே ஆறு என்று சொன்னேன் என்றேன்.

கடைக்காரர் துடுப்பைத் தாழ்த்தினார். என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துப் பிரித்து, புது இம்பெல்லரை என் முன்னால் வைத்தார். கோணிய வாயிலிருந்து வார்த்தை கொழகொழவென்று வந்தது.

“எண்ணு.”

ஒவ்வொரு இதழாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினேன். அத்தானின் மோவாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது, கைகள் பின்னால்தான் இருந்தன. ஆறு என்றேன்.

“மறுபடி எண்ணு,” என்றார் கடைக்காரர்.