பாதத்தில் ஒரு துடிப்பு

தொண்ணூறுகளில் அல்சூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஒரு நாள், கால் ரத்தக்குழாயில் அடைப்பை எடுக்க ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவரை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்ப்பது என் வேலை. துடிப்பு நின்றால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

மதியம் தொட்டபோது துடிப்பு இல்லை. இன்னும் அழுத்தினேன். இல்லவே இல்லை.

"என்ன சிஸ்டர், கால் பரவாயில்லையா?" என்றார் பக்கத்தில் நின்ற அவர் மனைவி. நான் குனிந்து, இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்து மறுபடி அழுத்தினேன்.

அரை மயக்கத்தில் இருந்த பெரியவர், யாரோ காலில் விழுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். கையை மெல்லத் தூக்கி, "தீர்க்காயுசா இரும்மா. சீக்கிரமே கல்யாணம் நடக்கட்டும்" என்றார்.

"ஏங்க, அவங்க நர்ஸுங்க" என்றார் மனைவி.

கைக்குழந்தைக்காரியான எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விரல்கள் தளர, அடியில் மெதுவாகத் துடித்தது நாடி. பயத்தில் அழுத்தி அழுத்தி நானேதான் அதை அடக்கியிருக்கிறேன்.

"துடிக்குதும்மா. நல்லா இருக்கு" என்றேன். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எந்தப் பாதத்திலும் விரலை லேசாக வைத்துத்தான் காத்திருப்பேன். எனக்குக் கொடுத்த ஆசீர்வாதம் அவர் காலுக்கே பலித்தது.