போன படகு திரும்பி வரும் கடல்

சின்னு, உன்னோடு படித்தவர்கள் உனக்காக ஒரு நினைவு மலர் புத்தகம் போடுகிறார்களாம். "நீயும் ரெண்டு பக்கம் எழுதுக்கா" என்று உன் தோஸ்து சலீம் பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனான். ஐந்தாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

தகவல் வந்தபோது காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். சலீம் கொட்டகை வாசலிலேயே நின்றான். "அக்கா, கையக் கழுவிக்கினு வா" என்றான். கல்மண்டபத்தில் உன் சைக்கிளைக் கன்டெய்னர் லாரி இடித்துவிட்டதை வழியில்தான் சொன்னான். ஐஸில் கிடந்த கை, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மரத்தே இருந்தது.

காலேஜில் மட்டும் என் தம்பியைப் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். அம்மா போனபிறகு அவன் என் வீட்டில்தான் வளர்ந்தான். பழைய சாமான்களாக வாங்கிவந்து அவனே ஒரு கம்ப்யூட்டர் செய்தான். திரையில் சும்மா நிற்கிற படத்துக்குப் பதிலாக, அலை அடிக்கிற கடலை வைக்கும் புரோகிராம் ஒன்றை அதில் எழுதினான். முதலில் எனக்குத்தான் காட்டினான். சாயங்காலம் ஆனதும் சூரியன் மெல்லக் கடலில் இறங்கியது.

"டேய், நம்ம கடல்ல என்னைக்குடா சூரியன் எறங்குச்சு? அது மேக்கால கொருக்குப்பேட்டை பக்கம் இல்ல போவும்!" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டான். கடற்கரையில் பிறந்தவன், காலண்டர் படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். "படிக்கிறவன் நானு, இன்ஜினியரு நீயா?" என்று சிரித்தான். மறுநாள் சூரியன் கடலிலிருந்து எழுந்தது.

அடுத்த குற்றமும் நான்தான் சொன்னேன். அதில் ஒரு படகு வலப்பக்கம் போய் மறையும். கொஞ்ச நேரத்தில் அதே படகு இடப்பக்கமிருந்து வரும். "மீன் புடிக்கப் போற உங்க மாமா இன்னா, உலகத்தையே சுத்திக்கினா வூட்டுக்கு வர்றாரு? போன படகு மூஞ்சியத் திருப்பிக்கினு வரணும்டா" என்றேன். அதன்பிறகு காலையில் போகும் படகு, சாயங்காலம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன வழியிலேயே வந்தது.

கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் சும்மா கொடுத்தான். என் வீட்டுக்காரர் லாஞ்சில் மீன் பிடிக்கப் போகிறவர். "இம்மா கஷ்டப்பட்டு செஞ்சத சும்மா குடுக்கிறியே மச்சான், லூசா நீ?" என்றார். "கடல் இன்னா என்னுதா மாமா?" என்றான் இவன். வளைகுடாவில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற ஒருவர், அதைத் திறந்தால் ஊர் வாடை வருகிறது என்று எழுதியிருந்தார். அதை எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினான்.

ஒருமுறை என் வீட்டுக்காரர் போன லாஞ்ச் சொன்ன நாளில் திரும்பவில்லை. நான்கு நாள் ஆயிற்று. திரையில் மட்டும் சாயங்காலமானால் படகு தவறாமல் வந்துவிடும். அது வரும் நேரம் நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் படகு இல்லை, வெறும் கடல்.

"மாமா வரட்டும்க்கா, அதுவும் வரும்" என்றான்.

இன்ஜின் கெட்டு மிதந்த லாஞ்சை வேறொரு படகு இழுத்துவந்து சேர்த்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் திரையிலும் படகு வந்துவிட்டது. இப்படி எனக்கு வேறு யார் செய்தார்கள்?

கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை, "கரையில ஒரு ஆளை நிக்க வைக்கப்போறேன்க்கா. படகு வர்ற நேரத்துக்கு வந்து நிக்கும். ஞாயித்துக்கெழம காட்றேன், அதுவரைக்கும் நொய்நொய்னு கேக்காத" என்றான். சனிக்கிழமை போய்விட்டான்.

சலீம் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். கரை இருக்கிறது, மணல் இருக்கிறது, ஆள் இல்லை. "நாங்க முடிச்சுக் குடுக்கிறோம்க்கா. அவனையே நிக்க வெச்சிடலாமா?" என்று கேட்டான்.

"வேணாம்பா. காத்துக்கினு நிக்கிற வேலை அவனுக்கு வேணாம். இருக்கிறபடியே எல்லாருக்கும் சும்மா குடுங்க" என்றேன்.

நான் சொல்லாமலே படகைத் திரையிலிருந்து எடுத்தானே, அந்தக் குணத்தை நான் வைத்துக்கொள்கிறேன். கொட்டகையில் பக்கத்தில் இருப்பவள் பேசாமல் இறால் உரித்தால், இப்போதெல்லாம் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

நேற்றும் சாயங்காலம் படகு வந்தது. கரை காலியாகத்தான் இருந்தது. அங்கே யாரை நிற்க வைக்க நினைத்தாய், சின்னு?