அம்புக்குறியின் நடுக்கம்

அற்புதராணி எந்தத் திரையையும் நேரே பார்ப்பதில்லை. பழுதான போனைக் கையில் ஏந்திக்கொண்டு, சுவரில் தொங்கும் கலண்டரையோ வாசலைக் கடக்கும் பஸ்ஸையோ பார்த்தபடி இருப்பாள். "அக்கா, போன் இஞ்சை கிடக்கு" என்று யாராவது பொறுமையிழந்தால், "ஓம், அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்பாள். திரையின் மெல்லிய துடிப்பு நேர்ப்பார்வைக்கு அகப்படாது, கடைக்கண்ணில்தான் தட்டும் என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்துப் போன் திருத்தும் கடையில் மூலை மேசை அவளுடையது. நாற்பத்தைந்து வயது. விரல் நுனிகளில் ஈயம் சுட்ட பொட்டுப் பொட்டான தழும்புகள். பக்கத்தில் வைத்த தேத்தண்ணி எப்போதும் ஆறித்தான் போகும். பின்னேரம் மயிலிட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்துவிட்டால், இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விடுவாள். வெயில் தணிந்த வீதியில் செருப்பை இழுத்து இழுத்துத் திரும்பி நடந்து வருகிறவளிடம், "எங்கையடி போனனி?" என்று கணவன் லெனாட் கேட்பான். "சும்மா. ஒரு யோசினை" என்பாள்.

லெனாட்டுக்குக் கடல்தான் தொழில். இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தம் கண்ணைப் பிடித்த பிறகு, கடையில் வாங்கிய திசைகாட்டும் கருவியின் பொடி எழுத்துகள் அவனுக்கு எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. தை மாதத்து மூடுபனியில் ஒருநாள், மயிலிட்டி என்று நினைத்துக் கீரிமலைப் பக்கம் போய்க் கரைதட்டினான். வீட்டுக்கு வந்து, "வள்ளத்தின்ரை எஞ்சினை வித்துப்போடுவம், ராணி" என்றான். அந்தக் குரலை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

தீப்பெட்டியளவு கணினிப் பலகை ஒன்றையும் உள்ளங்கையளவு எல்சிடி திரையையும் வாங்கி வந்தாள். வானத்தில் சுற்றும் செய்மதியிடம் இடம் கேட்டு, துறைமுகம் இருக்கும் பக்கத்தை ஒரே ஒரு தடித்த அம்புக்குறியால் காட்டவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பல நாள் மினக்கெட்டு அதைச் செய்து முடித்தாள். சமைக்கிற குசினி மேசையில் அம்பு ஆடாமல் அசையாமல் நின்றது. லெனாட் தூர நின்று பார்த்தான், கிட்ட வந்து பார்த்தான். "இது எனக்குத் தெரியுதடி" என்று சிரித்தான்.

ஆனால் அதைக் கொண்டுபோன முதல்நாளே கடலிலிருந்து வந்தவனின் முகம் வாடியிருந்தது. "படபடவெண்டு அடிக்குது. கொஞ்சநேரம் பாத்தாத் தலை சுத்துது. கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தன்."

வள்ளத்தின் அதிர்வில் திரைக்குப் போகும் நாடாவயர் தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். வேறு வயர் போட்டாள், நீளத்தைக் குறைத்தாள், பசை வைத்து ஒட்டினாள். மேசையில் அம்பு கல்லாக நின்றது. கடலில் திரும்பவும் துடித்தது. லெனாட் மறுபடி எஞ்சின் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.

"பழுது கடலிலைதான் வருது" என்றாள் அற்புதராணி. "அப்ப நான் கடலுக்குத்தான் வரவேணும்."

"உனக்கென்ன விசரே?"

மீனவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் சிறுவயதிலேயே போரால் இடம்பெயர்ந்து, கடல் தெரியாத முகாமொன்றில் வளர்ந்தாள். மீண்டு வந்த பிறகும் கரையோடு சரி. அந்தத் துறையில் பெண்கள் வலையில் சிக்கியதைக் கழற்றுவார்கள், மீன் தரம் பிரிப்பார்கள், வள்ளத்தில் ஏறுவதில்லை.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்த ஒரு காலையில் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியபோது, பக்கத்து வள்ளத்து மீனவர் செபமாலை வலையைக் கீழே வைத்தார்.

"லெனாட், உதென்ன புதுப் பழக்கம்?"

லெனாட் ஒரு கணம் கரையைப் பார்த்தான். பிறகு மனைவிக்குக் கை கொடுத்து ஏற்றினான். "அவ வலை வலிக்க வரேல்லை அண்ணை. வயர் பாக்க வாறா."

கரை மெல்ல மெல்லத் தாழ்ந்து, பனைகள் தலை மட்டும் தெரியும் கறுப்புக் கோடாயின. எஞ்சின் மெதுவாக ஓடியவரை அம்பு அமைதியாக இருந்தது. வேகம் கூட்டியதும் துடிக்கத் தொடங்கியது. அற்புதராணி வழக்கம்போலத் திரையைப் பார்க்கவில்லை. எண்ணெய்போல் மினுங்கிக் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டு, கடைக்கண்ணால் துடிப்பைப் பிடித்தாள். "குறையுங்கோ... கூட்டுங்கோ... இன்னும் கூட்டுங்கோ." எஞ்சின் கூடக்கூடத் துடிப்பும் கூடியது.

வள்ளத்துப் பற்றரியிலிருந்து கருவியைக் கழற்றி, போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்கில் கொழுவினாள். அம்பு உறைந்து நின்றது. அப்படியென்றால் திரையிலும் பிழையில்லை, நாடாவயரிலும் பிழையில்லை. மின்சாரம் வரும் வழியில்தான் கோளாறு. வள்ளத்தின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். எஞ்சினின் வயரும் தண்ணீர் இறைக்கும் பம்பின் வயரும் வந்து சேரும் அதே ஆணியில்தான் அவளும் தன்னுடைய நெகட்டிவ் வயரை மாட்டியிருந்தாள். எஞ்சின் மூச்சு வாங்கும்போதெல்லாம் திரைக்கும் மூச்சுத் திணறியிருக்கிறது.

"என்ரை பிழைதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு புது வயர்களைப் பின்னல்போல ஒன்றோடொன்று முறுக்கி, வேறெதிலும் படாமல் பற்றரிக்கே நேராகக் கொண்டுபோய்ப் பூட்டினாள். "இப்ப கூட்டுங்கோ."

எஞ்சின் உறுமியது. வள்ளத்தின் முன்பக்க அணியம் மேலெழுந்தது. முகத்தில் உப்புத்தூறல் விழுந்தது. அம்பு அசையவில்லை.

லெனாட் குனிந்து பார்த்தான். நெடுநேரம் இமைக்காமல் பார்த்தான். கண்ணில் நீர் கட்டியது உப்புக் காற்றாலாகவும் இருக்கலாம். "நிக்குதடி" என்றான். "அப்பிடியே நிக்குது."

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. அணியத்துக்குப் போய் இருந்து, ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். விரல்களுக்கு இடையால் கடல் கிழிந்து பின்னால் போனது. கரைக்கோடும் மறைந்து, மேலும் கீழும் ஒரே நீலமாக இருந்தது.

"சரி, வேலை முடிஞ்சுது" என்று லெனாட் சத்தம் போட்டான். "அம்பு காட்டிற பக்கம் திருப்பட்டோ?"

அற்புதராணி திரும்பிப் பார்க்காமலே ஈரக்கையைத் தூக்கி, கரை இல்லாத பக்கத்தைக் காட்டினாள்.