உள்ளூர் ஆர்டர் எடுப்பதில்லை

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. மூத்தவளுக்குக் கணக்கு வராது, சின்னவன் ரசம் சோறு தவிர எதையும் தொடமாட்டான். என்னிடம் வளையல் வாங்குகிற அத்தனை பேருக்கும் இதெல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் எனக்குப் பிள்ளை கிடையாது.

பட்டுநூல் சுற்றிய வளையல் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். சங்கரன்கோவிலில் வாடகைக்கு ஒரு மாடி வீடு, ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் பசை, நூல்கண்டு, கல், முத்து. வீடியோவில் என் கைகள் மட்டும்தான் வரும். முகத்தைக் காட்டினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்று அப்படி ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வளைகாப்பு செட் என்று பச்சையும் சிவப்புமாக ஒன்று போட்டேன். அது பிய்த்துக்கொண்டு போயிற்று.

அதன் கீழேதான் ஒருத்தி கேட்டாள், "அக்கா, உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

அவள் சும்மாதான் கேட்டாள். ஆனால் எங்கள் பக்கத்து வளைகாப்பு வீடுகளை நான் அறிவேன். பிள்ளை பெற்றவர்கள் வரிசையாக வந்து வளையல் போடுவார்கள். என்னைப் போடாதே என்று யாரும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார்கள். நான் வளையல் தட்டருகே போகிற நேரம் பார்த்து ஒருத்தி வந்து, "மக்கா, அடுப்புல பாயசம் கிடக்கு, செத்த பாத்துக்கிடேன்" என்பாள். எத்தனை வீட்டுப் பாயசம் கிண்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பாயசம் கிண்டுகிறவள் செய்த வளையலை வளைகாப்புக்கு யார் வாங்குவார்கள்? "ரெண்டு" என்று தட்டினேன். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.

வியாபாரத்தில் இல்லாத பொய்யா என்று நினைத்தேன். ஆனால் பிள்ளை என்று ஒன்று வந்துவிட்டால் அது வளராமல் இருக்குமா? வயது கேட்டார்கள், ஸ்கூல் கேட்டார்கள். மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று போனில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன். ஆன்லைன் வியாபாரம் சொல்லித்தருகிற வீடியோ ஒன்றில், உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள், அப்போதுதான் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார்கள். எழுதினேன். வந்தது.

ஒருமுறை ஆர்டர் தாமதமாகிவிட, "சின்னவனுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க" என்று போட்டேன். திட்ட வந்தவர்களெல்லாம் கஷாயம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று என் வீட்டுக்காரர் தறிக்கூடத்து வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பாக்கெட் பிரெட். எங்கள் வீட்டில் பிரெட்டை யாரும் தொடமாட்டோம். "இங்க யாருக்குக் காய்ச்சல்னு பிரெட்டத் தூக்கிட்டு வாரீய?" என்று சத்தம் போட்டேன். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். அவர் போனில் கிரிக்கெட் தவிர எதுவும் பார்க்கிறவர் இல்லை. பிள்ளை விஷயம் அவருக்குத் தெரியாது என்றுதான் இருந்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது நாகர்கோவில்காரி ஒருத்தியின் நல்ல மனசு. அவளுக்குச் சுகப்பிரசவம். "ரெண்டு பெத்த அக்கா கைராசி" என்று குழந்தை படத்தோடு எழுதினாள். நான் அதை என் பக்கத்தில் போட்டேன். பேராசை, வேறென்ன. அதன்பின் யாரும் நூலையும் முத்தையும் பார்த்து வாங்கவில்லை, கைராசிக்காக வாங்கினார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தின் தலையில் "உள்ளூர் ஆர்டர் எடுப்பதில்லை" என்று எழுதிவைத்தேன். சென்னைக்கு அனுப்புவேன், துபாய்க்கு அனுப்புவேன், நாலு தெரு தள்ளியிருக்கிற ரத வீதிக்கு அனுப்பமாட்டேன். நூல் கடையில் எவளாவது என் கையை இரண்டு தரம் பார்த்தால் முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன். கல்யாண வீடுகளுக்குப் போவதையும் நிறுத்தினேன். மேஜை, ஜன்னல், போன். வேறு போக்கிடம் இல்லை.

புளியங்குடி உள்ளூரில்லையே என்று ஒரு ஆர்டர் எடுத்தேன். புத்தி கெட்டவள். செட் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா போன் செய்தார். "எம் மகளுக்கு ரெண்டு தடவ தங்கல தாயி. இதாவது நிக்கணும். நீ வந்து மொத வளையலப் போடு" என்றார். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றேன். "அதுகளையும் கூட்டிட்டு வா, பாத்த மாதிரியும் இருக்கும்" என்றார். பிறகு நான் போனை எடுக்கவேயில்லை. பார்சலில் அனுப்புகிறவர் விலாசம் எழுதியிருப்பதை மறந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலை, கோவிலுக்கு வந்த கையோடு படியேறி வந்து நின்றார்கள். அம்மா கையில் பூ, பழம், நான் செய்த வளையல். மகள் நெற்றியில் கோவில் பிரசாதப் புற்றுமண், ஏழு மாத வயிறு. படியேறிய மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் வீட்டுக்காரருக்கு மதிய ஷிப்ட் என்பதால் அவர் வீட்டில்தான் இருந்தார்.

சகுனம் கிகுனமெல்லாம் நம்பாதவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான். அந்த வயிற்றைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது. இவளுக்கு ஏதாவது ஆனால் நான் எப்படிச் சோறு தின்பேன்? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வியாபாரம் போனால் போகட்டும்.

"அம்மா, ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையள எங்க தாயி?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிருக்கும்மா. இருந்தா வீடு இம்புட்டுச் சுத்தமாவா கெடக்கும்?"

அந்த அம்மா சிரித்தார், மகளும் சிரித்தாள். மகள் கையை நீட்டினாள். வீங்கின கை, வளையல் சட்டென்று ஏறவில்லை, மெதுவாக நெருக்கிப் போட்டேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நான் வளையல் போட்டது அதுதான் முதல்தடவை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாசக்காரி என்று நினைத்திருப்பார்கள். அந்த அம்மா அதையும் போனில் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போனபிறகு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எப்பருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"சின்னவனுக்குக் காய்ச்சல்னு போட்டிருந்தியே" என்றார், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. "அன்னைக்குத்தான் பிரெட் வாங்கிட்டு வந்தேன்."

அவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. கோபமாவது பட்டிருக்கலாம் அந்த மனிதர்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் நாளிருக்கிறது. புளியங்குடி நம்பர் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். நான் அழுதுகொண்டே வளையல் போட்ட வீடியோ எங்கெங்கோ சுற்றி, வீட்டுக்கு வரலாமா அக்கா என்று தினம் நாலு பேர் கேட்கிறார்கள். பக்கத்தையே அழித்துவிடலாமா என்று நேற்று போனைக் கையில் எடுத்தேன். ஸ்கூல் திறக்கிற மாதமாயிற்றே, சின்னவனை எதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அதை வாய்விட்டே படித்துவிட்டேன் போலிருக்கிறது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "ஒண்ணாங்கிளாஸுக்குல்லா வந்துட்டான்."

குறிப்பைத் திறந்து திருத்தினேன்.