எரு காணாத பாத்தி

செம்பூரில் எங்கள் கல்லூரிக்கு ஒரு பண்ணை இருந்தது. மாணவர்கள் மண்ணில் இறங்கிப் படிப்பதற்காகப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய நிலம். உலக யுத்தம் நடந்த வருஷங்களில் நான் அங்கே உதவி ஆசிரியன். மாட்டுங்காவில் வீடு.

அந்தப் பண்ணையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நோஞ்சான் பாத்தி. பன்னிரண்டு வருஷமாக அதற்கு ஒரு பிடி எரு போட்டதில்லை. பக்கத்துப் பாத்தியில் கேழ்வரகு இடுப்பளவு நிற்கும். இதில் முழங்காலைத் தாண்டாது. மாணவர்கள் இரண்டையும் அளந்து எழுதுவார்கள். எரு என்ன செய்கிறது என்பதை வேறெங்கும் அப்படிக் கண்ணால் பார்க்க முடியாது.

அந்த மழைக்காலத்தில், ராணுவம் கொட்டகை போட இந்த நிலத்தைக் கேட்கிறது என்றார்கள். பண்ணையால் படிப்புக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்று பார்க்க ஒரு கமிட்டி வரும் என்று கடிதம் வந்தது. பண்ணையை நடத்திவந்த பேராசிரியர் ஒரு மாத வேலையாகப் பூனா போயிருந்தார். பொறுப்பு என்னுடையது. பெரிய மனிதர்கள் நுழையும்போதே சோகை பிடித்த பயிரா கண்ணில் பட வேண்டும் என்று வெட்கப்பட்டேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் செய்தேன்.

பண்ணையாள் தாராவியிலிருந்து வருவார். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன்.

"கடலைப் புண்ணாக்கைக் கரைச்சு அந்தப் பாத்திக்கு ஊத்திடு."

அவர் வாளியைத் தொடவில்லை. "அது பட்டினிப் பாத்தில்லா? பெரியய்யா கண்டா தோல உரிச்சிருவாவளே."

"கமிட்டி வரது. சொன்னதைச் செய்."

"செய்யுதேன். பன்னெண்டு வருசத்துப் பட்டினிய ஒரே பந்தியில முடிச்சு வைக்கியளே" என்று சிரித்தபடி ஊற்றினார். வாரம் இருமுறை ஊற்றினார். பயிர் இளசு, கிடுகிடுவென்று எழுந்துவிட்டது.

கமிட்டி வந்த நாள் காலையில்தான் பேராசிரியரும் ரயிலிலிருந்து நேராக வந்தார். யோசிக்காமல் அவர்களை அந்தப் பாத்திக்கு அழைத்துப்போய், "பன்னிரண்டு வருஷமாக எரு காணாத மண்" என்று இங்கிலீஷில் சொல்லிக் கையை நீட்டினார். இரண்டு பாத்தியும் ஒரே பச்சை.

எருவே வேண்டாம் என்றுதான் இங்கே கற்பிக்கிறீர்களா என்று ஒரு கமிட்டிக்காரர் சிரித்தார்.

பேராசிரியர் குனிந்து ஒரு இலையைத் தடவினார். பிறகு தமிழில் என்னைக் கேட்டார்: "இதுல யார் கை வச்சா?"

"ஆள் தெரியாம ஊத்திட்டான், சார்."

பண்ணையாள் அருகில்தான் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமாய்யா, நாந்தான் ஊத்துனேன்" என்றார். அதில் பொய் இல்லை.

வாத்தியாரே பாத்தியைக் கெடுத்தான் என்று தெரிந்தால் பண்ணை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது எனக்காக. பேராசிரியர், படிக்காத ஆளின் பிழை என்று சொல்லி, மாணவர்கள் எழுதிய பழைய அளவுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் வெகுநேரம் புரட்டினார்கள். பண்ணை தப்பியது. மறுநாள் பண்ணையாளை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தாராவிக்குப் போனேன். ஒரு தோல் கிடங்கில் அவர் ஈரத்தோலை விரித்துக்கொண்டிருந்தார்.

"பண்ணை தப்பிச்சிட்டுல்லா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"தப்பிச்சுடுத்து."

"அப்பம் பெரியய்யாகிட்ட இனியாவது சொல்லிருங்க. நான் திரும்பி வந்திருதேன். இந்த நாத்தத்துல சோறு எறங்க மாட்டேங்கு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. பேராசிரியர் ஓய்வுபெற்றுப் போன அன்றும் மாலை போட்டுவிட்டு வந்தேன், சொல்லவில்லை.

அந்தப் பாத்தியை மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்கினோம். அளவுப் புத்தகத்தில் நடுவே கணக்கு ஏன் இப்படி அறுபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு மாணவன் கேட்பான். ஒரு பண்ணையாளின் அறியாமை என்று, நான் இருந்தவரை, பாடமாகவே சொல்லிக்கொடுத்தேன்.