கீழே இறங்கும் கோப்பைகள்

ஹட்டன் கடைவீதியில் தூறல் வலுக்கிறது. பொகவந்தலாவை பஸ் வரும்வரை சீனப் பல் வைத்தியரின் கடைக்குள் ஒதுங்குகிறேன். இன்று சீனப் புத்தாண்டாம். பல் பிடுங்க மாட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே, சோளத்தில் வடித்த சீனச் சாராயத்தைக் குட்டிக் கோப்பைகளில் விளிம்புவரை ஊற்றுகிறார். அன்னாசிப்பழ வாசம் மூக்கைத் துளைக்கிறது. எனக்கு ஒன்று, எனக்கு முன்பே ஒதுங்கியிருந்த தோட்டத் தொழிலாளி முத்தையாவுக்கு ஒன்று.

கோப்பைகளை முட்டும்போது வைத்தியர் தன்னுடையதை முத்தையாவின் கோப்பைக்குக் கீழே இறக்குகிறார். முத்தையா பதறித் தன்னுடையதை இன்னும் தாழ்த்துகிறார். வைத்தியர் அதற்கும் கீழே போகிறார். கடைசியில் இருவரும் தரையில் குந்திவிட்டார்கள்.

"என்னங்கய்யா இது?" என்கிறார் முத்தையா.

"எங்க பழக்கங்க. பெரியவங்க கோப்பைக்குக் கீழதான் நம்ம கோப்பை இருக்கணும்."

"நான் பெரியவனுங்களா? தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறவனுங்க."

"உங்க பல்லு பூராவும் பாத்தவன் நான். என்னைவிட நீங்கதான் மூப்பு!"

முத்தையா கொஞ்சம் யோசிக்கிறார். பிறகு மெல்ல எழுந்து, நிமிர்ந்து நின்று, கோப்பையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறார். வைத்தியர் கீழேயிருந்து முட்டுகிறார். மூவரில் இளையவனான நான் எங்கே பிடிப்பது? நானும் குந்துகிறேன்.

ஒரே மடக்கு. முத்தையாவுக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது. வெறும் கோப்பையை நீட்டிச் சிரிக்கிறார்.

"இன்னொண்ணு ஊத்துங்க. இத எங்க தோட்டத்துத் தொரை பாக்கணுமுங்க!"