ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா?

மெதுவாக நடக்கிற எதையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பஸ்ஸில் ஏறிய பிறகு சுருக்குப்பையை அவிழ்க்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். இந்தக் குணத்தோடு எண்பதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன். அங்கே என் மேஜையில் உட்கார்ந்திருந்ததோ உலகத்திலேயே மெதுவான கம்ப்யூட்டர். அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு குடியாத்தத்தில். அப்பா பவர்லூமில் லுங்கி நெய்தார். நான் வேலூரில் கணக்குப் படித்துவிட்டு ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்திருந்தேன். பெண்ணைத் தோல் கம்பெனிக்கு அனுப்புவதா என்று வீட்டில் பத்து நாள் சண்டை நடந்தது. சோற்றில் கைவைக்காமல் இருந்து ஜெயித்தேன். அதனால் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. திரும்பினால் தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டும், அல்லது யாராவது மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுக்க வேண்டும்.

கம்பெனியில் ஏசி இருந்த ஒரே அறை மாடியில், கம்ப்யூட்டருக்கு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முதலாளியே உள்ளே வருவார். கீழே பதப்படுத்தி முடித்த தோல்களை மிஷினில் அளந்து, ஒவ்வொன்றின் பின்புறமும் அதன் எண்ணையும் அது எத்தனை சதுர அடி என்பதையும் எழுதுவார்கள். பன்னிரண்டு தோல் சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டுகள் மாடிக்கு வரும். நான் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தக் கட்டில் எந்தத் தோல் என்று பேக்கிங் லிஸ்ட் எடுத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் கீழே மரப்பெட்டிகளில் அடுக்கி ஆணி அடிப்பார்கள். பெட்டிகள் லாரியில் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும்.

இதில் என் கைவண்ணம் ஒன்று இருந்தது. சீட்டுகள் வந்த வரிசையில் அப்படியே அடித்துக் கொடுக்க டைப்பிஸ்ட் போதுமே, கம்ப்யூட்டர் எதற்கு? நான் எழுதிய புரோகிராம் இரண்டாயிரத்துச் சொச்சம் தோல்களையும் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். முதல் நாள் அதைச் செய்து காட்டியபோது முதலாளி கை தட்டினார். மேனேஜரும் தட்டினார், அரை மனசாக. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்த வரிசைக்குத் தொண்ணூறு நிமிடம் ஆகும். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க், எலி பழைய பேப்பரைக் கடிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தோலாகத் தேடும். நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். லிஸ்ட் வெளியே வர மதியம் இரண்டரை ஆகிவிடும். ஐந்து மணிக்குப் போக வேண்டிய லாரி ஏழு மணிக்குப் போகும். கம்ப்யூட்டரில் லிஸ்ட் எடுக்க ஆரம்பித்த ஆறு மாதமாக இதே கதைதான்.

அப்போதுதான் மெட்ராஸ் டீலர் ஒருவர் வந்து, இதைவிட வேகமான டிஸ்க் இருக்கிறது என்றார். விலையைக் கேட்டு முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா, இந்த டப்பா வெலைக்கு ரெண்டு ஸ்கூட்டர் வாங்கலாமே?"

"ஸ்கூட்டர் லிஸ்ட் போடாதே சார்" என்றேன். வாய் அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

மேனேஜர் விடவில்லை. "டைப்பிஸ்ட் ரெண்டு பேரு இருந்தப்ப லாரி அஞ்சு மணிக்கு டாண்ணு போச்சு சார். இப்ப லாரி வர்ற நாளெல்லாம் பேஜாரு. இந்த டிஸ்க்கையும் போட்டுப் பார்ப்போம். அப்பவும் லேட்டுன்னா மிஷினத் திருப்பிக் குடுத்துட்டு, இந்தம்மாவ வேற வேலை பார்த்துக்கச் சொல்லிடலாம்."

முதலாளி யோசித்தார். டீலரிடம் டிஸ்க்கை ஒரு வாரம் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். என்னிடம், "வியாழக்கிழமை லாரி இருக்குது. ஓட்டிப் பாரு. சாயங்காலம் நீயே சொல்லு, வாங்கலாமா வேணாமான்னு. நீ சொன்னா கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார்.

புதன்கிழமை டீலரின் ஆள் வந்து புது டிஸ்க்கை மாட்டினார். பழைய சரக்கு ஒன்றின் கணக்கைப் போட்டு ஓட்டினோம். முப்பத்தைந்து நிமிடம். நான் கடிகாரத்தைக் கழற்றி மேனேஜர் முன்னால் வைத்தேன். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது கூட எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கெல்லாம் லிஸ்ட் கையில். வழக்கமாகப் பியூன்தான் கொண்டுபோவார். அன்று நானே எடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவள் மாதிரி படி இறங்கினேன். பேக்கிங் பகுதியில் எட்டுப் பெண்கள். அவர்களில் மூத்தவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். எல்லாரையும் வேலை வாங்குகிறவள் அவள். கட்டுகள் சணலால் கட்டி அழகாக அடுக்கித் தயாராக இருந்தன. பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்தால் முடிந்தது. லாரி மூன்றரைக்கே கிளம்பிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவள் லிஸ்ட்டை வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "அவுத்துடுங்கடி" என்றாள்.

எட்டுப் பேரும் உட்கார்ந்து கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க்கா, கட்டினத எதுக்கு அவுக்கறீங்க?"

"நீங்கதானே லிஸ்ட்ல இப்டிப் போட்டு அனுப்பறீங்க? ஒண்ணாம் கட்டுல எல்லாம் பொடிசு, கடைசிக் கட்டுல எல்லாம் பெருசு. நாங்க கட்டி வெச்சது வேற மாதிரி. நம்பரைத் தேடித் தேடி உங்க லிஸ்ட்டுபடி மறுபடியும் கட்டணுமில்ல?"

"நீங்க எப்டிக் கட்டியிருந்தீங்க?"

அவள் ஒரு கட்டை எடுத்து என் கையில் திணிக்காத குறையாகக் காட்டினாள். இரண்டு பெரியது, மூன்று சின்னது, மீதி நடுத்தரம். ஒவ்வொரு கட்டும் அப்படித்தான். கலந்து கட்டினால்தான் எந்தக் கட்டைப் பிரித்தாலும் ஏறக்குறைய ஒரே அடி வரும். ஷூ தைக்கிறவனுக்கு அதுதான் வசதி. தோல் அளக்கும்போதே கண்ணால் எடை போட்டுச் சேர்த்துவிடுவார்கள். அந்த ஊரில் தோல் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கமாம். எனக்கு மட்டும் தெரியாது. பேப்பரில் நான் வரிசையை மாற்றினால் கீழே கட்டையும் அவிழ்க்க வேண்டும் என்று மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"ஆறு மாசமா ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுன்னாங்க. வெளிநாட்டுக்காரன் இப்டித்தான் கேக்கறான்போலன்னு நினைச்சோம்."

எந்த வெளிநாட்டுக்காரனும் கேட்கவில்லை. கேட்டது நான். கை தட்டு வாங்குவதற்காக நான் போட்ட வரிசைக்காக, இந்தப் பெண்கள் ஆறு மாதமாகக் கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து நானும் நம்பர் தேடினேன். லாரி ஆறு மணிக்குப் போனது.

மாடியில் முதலாளி, மேனேஜர், டீலர் மூன்று பேரும் காத்திருந்தார்கள். மேனேஜர்தான் ஆரம்பித்தார். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக.

"டிஸ்க் மேல தப்பில்ல சார். லிஸ்ட் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுச்சு. கீழ இருக்கிற பொம்பளைங்கதான் மெத்தனம். நாலு பேர நிறுத்தினா மீதி நாலு பேரு தானா வேகமா செய்வாங்க."

டீலர் சந்தோஷமாகத் தலையாட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எனக்கு டிஸ்க் கிடைக்கும், வேலையும் நிலைக்கும். அப்படியே இருந்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் நினைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. வாங்கலாமா?"

"வேணாம் சார்."

டீலரின் தலை ஆட்டம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை போடவே தேவையில்லை, சீட்டு வந்தபடியே அடித்தால் தொண்ணூறு நிமிடமும் மிச்சம், கீழே அவிழ்க்கிற வேலையும் மிச்சம், மெத்தனம் யாருடையதும் இல்லை, முட்டாள்தனம் என்னுடையது என்றேன்.

முதலாளி கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடிவைத்தார். பிறகு, "சின்னதுலேர்ந்து பெருசு வரிசையா வேணும்னு எவன் கேட்டான்?" என்றார்.

"யாரும் கேக்கல சார்."

"நானும் கை தட்டினேனே" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. மேனேஜர் பக்கம் திரும்பி, "கீழ யாரையும் நிறுத்த வேணாம். திங்கக்கிழமை லாரி எப்பப் போவுதுன்னு பாப்போம். அஞ்சு மணி தாண்டிச்சுன்னா நீங்க சொன்னபடி செய்யலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வார விடுமுறை. சனிக்கிழமை டீலரின் ஆள் புது டிஸ்க்கைக் கழற்றிப் பஞ்சு வைத்த பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். பழைய டிஸ்க் மறுபடியும் உள்ளே போனது. வித்தையாக எழுதியிருந்த வரிசைப் பகுதியை நான் புரோகிராமிலிருந்து அழித்தேன். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதியது. அழிக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை காலையில் சீட்டு வர வர அடித்தேன். வரிசை வேண்டாம் என்றானதும் மொத்தமும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பத்துப் பெட்டிக்கு லிஸ்ட் முடிந்ததும் கீழே அனுப்பினேன், அடுத்த பத்துக்கு உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கெல்லாம் கீழேயிருந்து ஆணி அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எந்தக் கச்சேரியும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. பன்னிரண்டரைக்குக் கடைசிப் பக்கம் பிரிண்டரிலிருந்து வந்தது. அதே பழைய டிஸ்க். அதே எலி. யாருக்கும் அது மெதுவாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு லாரி வெளியே போனது. மேனேஜர் மாடி ஜன்னலிலிருந்து தன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் மூன்றுதான் காட்டின. முதலாளி என் அறை வாசல்வரை வந்து, உள்ளே வராமல், "மிஷின் இங்கேயே இருக்கட்டும், நீயும் இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மேஜைக்கடியில் இரண்டு கால்களையும் தரையில் தடதடவென்று தட்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு நான் கேட்டுக்கு வந்தபோது பேக்கிங் பெண்கள் எட்டுப் பேரும் முகம் கழுவி, பவுடர் போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னா கம்ப்யூட்டரம்மா, ஆறு மாசமா கம்ப்யூட்டர் வந்துடுச்சு, வந்துடுச்சுன்னாங்க. இன்னிக்குத்தான் வந்துச்சு போல?"

"ஆமாக்கா, இன்னிக்குத்தான்" என்றேன்.